ப்ரீஆம்ப் வேண்டுமா, வெறும் வால்யூம் குமிழ் போதுமா?

சிடி பிளேயர் போன்ற மூலக்கருவிக்கும் ஸ்பீக்கரை ஓட்டும் பவர் ஆம்ப்புக்கும் நடுவில் நின்று சத்தத்தைக் கட்டுப்படுத்தும் பெட்டிதான் ப்ரீஆம்ப்; வழக்கமாக அது சிக்னலைப் பெருக்கவும் செய்யும். சிடி பிளேயர் முழு அளவில் தருவது ஏறக்குறைய 2 வோல்ட். பவர் ஆம்ப்புக்கு எவ்வளவு வேண்டும்? 8 ஓம் ஸ்பீக்கரில் 50 வாட் கிடைக்க 20 வோல்ட் தேவை. ஆம்ப்பின் கெயின், அதாவது பெருக்கும் அளவு, 26 டெசிபெல் என்றால், உள்ளே வருவதை அது 20 மடங்காக்கும். அப்படியானால் 1 வோல்ட் வந்தாலே முழு சக்தியும் வெளியே வந்துவிடும். கையில் இருப்பதோ அதைப்போல இரண்டு மடங்கு. பிறகு நடுவில் எதற்கு இன்னொரு பெருக்கி?

இந்த நியாயமான கேள்விதான் பாசிவ் ப்ரீஆம்ப்புக்கு அடிப்படை. அந்தப் பெட்டிக்கு மின்சாரமே வேண்டாம். உள்ளே ஒரு சுவிட்சும் வால்யூம் கண்ட்ரோலும் மட்டும். குமிழின் பின்னால் குதிரை லாட வடிவில் ஒரு கார்பன் பட்டை, அதன்மேல் உரசிச் செல்லும் ஓர் உலோக நாக்கு. பட்டையின் ஒரு முனையில் சிக்னல், மறுமுனையில் கிரவுண்ட். நாக்கு எங்கே நிற்கிறதோ அந்த அளவு வோல்டேஜ் வெளியே போகிறது. டிரான்சிஸ்டர், வால்வு போன்ற பெருக்கும் பாகங்கள் வழியில் இல்லாததால், அவற்றின் இரைச்சலும் சிதைவும் இல்லை.

சரி, சிக்கல் எங்கே? கேபிளில்தான்.

கேபிளுக்கென்று ஒரு கெப்பாசிட்டன்ஸ், அதாவது மின்னூட்டத்தைச் சேர்த்துவைக்கும் தன்மை, உண்டு. மீட்டருக்கு 100 பிகோஃபாரட் என்று வைத்துக்கொள்வோம். 5 மீட்டருக்கு 500, ஆம்ப்பின் உள்ளீட்டில் இன்னொரு 200, ஆக 700. வால்யூம் கண்ட்ரோல் 100 கிலோஓம் என்றால், வோல்டேஜ் சரிபாதியாகும் இடத்தில் அதன் வெளியீட்டு இம்பீடன்ஸ், அதாவது வெளியே போகும் மின்னோட்டத்துக்கு அது காட்டும் தடை, 25 கிலோஓம். இருக்கும் இடங்களிலேயே மோசமான இடம் அதுதான். இந்தத் தடையும் அந்தக் கெப்பாசிட்டன்ஸும் சேர்ந்து உயர்ந்த ஒலிகளை வடிகட்டுவதால், 9 கிலோஹெர்ட்ஸிலேயே ஒலி 3 டெசிபெல் இறங்கிவிடும், அதற்கு மேல் இன்னும் இறங்கும். சிம்பலின் மினுமினுப்பு மங்கிப்போகும். குமிழைத் திருப்பத் திருப்ப இம்பீடன்ஸும் மாறுவதால், சத்தத்தோடு சேர்ந்து ஒலியின் குணமும் மாறும். எனக்கு இதுதான் பெரிய குறை. ஏனென்றால் கேட்பவர் பழியைப் போடுவது பெரும்பாலும் ஸ்பீக்கர் மேல்.

அதே இடத்தில் 10 கிலோஓம் கண்ட்ரோலைப் போட்டால் எல்லை 90 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே போய்விடும். காதுக்கு எட்டாத தூரம். ஆனால் அப்போது பாரம் முழுக்க மூலக்கருவியின் தலையில் விழும். சாதாரண சிடி பிளேயர் அதைத் தாங்கும். ஆனால் மூலக்கருவியின் வால்வு வெளியீட்டில் 0.47 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் இருக்கிறதென்றால், 10 கிலோஓம் சுமையோடு அது 34 ஹெர்ட்ஸிலேயே பேஸை 3 டெசிபெல் குறைத்துவிடும். மேலே காப்பாற்றப் போய் கீழே இழந்த கதை.

மின்சாரத்தில் இயங்கிப் பெருக்கும் ஆக்டிவ் ப்ரீஆம்ப்பின் உண்மையான பலம் இங்கேதான் தெரிகிறது. அதன் வெளியீட்டு இம்பீடன்ஸ் பெரும்பாலும் சில நூறு ஓம்தான், அதுவும் குமிழ் எங்கே இருந்தாலும் மாறாது. நீளக் கேபிளை அது பொருட்படுத்தாது. விலை என்னவென்றால், வழக்கமான அமைப்பில் பெருக்கும் பகுதி வால்யூம் கண்ட்ரோலுக்குப் பின்னால் இருக்கிறது. குமிழைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தாலும் அதன் இரைச்சல் குறையாது. பாட்டை நிறுத்தி, வால்யூமை முழுக்கக் குறைத்து, ட்வீட்டர் (உயர்ந்த ஒலிகளைத் தரும் சிறு ஸ்பீக்கர்) பக்கம் காதைக் கொண்டுபோனால் அந்த மெல்லிய 'ஸ்ஸ்' கேட்கலாம். தேவைக்கு மேல் கெயின் இருந்தால் இன்னொன்று: குமிழ் பட்டையின் தொடக்கத்திலேயே நின்றுவிடும். இடதும் வலதும் ஒத்துப்போகாமல் பாடகரின் குரல் ஒரு பக்கம் சாய்வது பெரும்பாலும் அந்த இடத்தில்தான்.

எல்பி இசைத்தட்டு கேட்பவர்களுக்கு ஒரு சொல்: ஊசியைத் தாங்கும் கார்ட்ரிட்ஜிலிருந்து வருவது சில மில்லிவோல்ட்தான், அதைப் பெருக்கும் ஃபோனோ ஸ்டேஜ் எப்படியும் வேண்டும். அதன் வெளியீடு சிடி பிளேயரைவிடக் குறைவாக இருந்தால் கொஞ்சம் கெயின் உதவும்.

என்னைக் கேட்டால், கேபிள் ஒரு மீட்டருக்குள், மூலம் 2 வோல்ட், ஆம்ப்பின் உள்ளீட்டு இம்பீடன்ஸ் 50 கிலோஓம் அளவில் என்றால், 10 கிலோஓம் பாசிவ் தாராளமாகப் போதும். கேபிள் நீளம் என்றால் கெயின் இல்லாத பஃபர் ஒன்றைக் குமிழுக்குப் பின்னால் வைத்துக்கொள்ளலாம். அது வோல்டேஜைத் தொடாது. கேபிளை ஓட்டும் வேலையை மட்டும் ஏற்றுக்கொள்ளும்.