க்யூரிங்: கல்லைப் பழக்குதல்

மீன் தொட்டிக்குக் கல் வாங்கினால் கடைக்காரர் மறக்காமல் ஒன்று சொல்வார்: "க்யூர் பண்ணிட்டுப் போடுங்கண்ணே." சென்னை கொளத்தூரின் வண்ணமீன் கடைகளிலும் இது காதில் விழும் சொல்தான். சரி என்று தலையாட்டிவிட்டு வீட்டுக்கு வந்தபிறகு சந்தேகம் வரும். க்யூர் என்றால் குணப்படுத்துவது. கல்லுக்கு என்ன நோய்?

லத்தீனில் 'கூரா' என்றால் அக்கறை, கவனிப்பு. அது பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போனது. நோயாளியைக் கவனிப்பது, பிறகு நோயையே தீர்ப்பது, இன்னொரு பக்கம் இறைச்சியையும் மீனையும் உப்பிட்டுப் புகையிட்டுக் கெடாமல் செய்வது என்று பொருள் பல கிளைகளாகப் பிரிந்தது. அருங்காட்சியகத்தின் 'க்யூரேட்டர்' பதவிப் பெயரும் இதே வேரில் முளைத்ததுதான். அவரைத் தமிழில் காப்பாட்சியர் என்கிறோம். 'கூரா'வின் பழைய பொருளுக்கு மிக நெருங்கிய சொல் அது.

மீன் வளர்ப்பில் இந்தச் சொல் அதிகம் புழங்குவது கடல்நீர்த் தொட்டிக்காரர்களிடம். கடலிலிருந்து வரும் 'லைவ் ராக்' கல்லில் ஒட்டியிருக்கும் உயிர்கள் வழியிலேயே செத்து அழுகும்; அம்மோனியா கசியும். அதைத் தனித் தொட்டியில் உப்புநீரில் வாரக்கணக்கில் போட்டுவைத்து, அம்மோனியாவும் அதிலிருந்து உருவாகும் நைட்ரைட்டும் அடங்கிய பிறகே எடுப்பார்கள். நன்னீர்த் தொட்டிக்கான ஆற்றுக்கல்லில் அழுக இவ்வளவு இல்லை. அங்கே கவலை வேறு: கல் தண்ணீரில் எதைக் கரைத்துவிடும் என்பது.

தமிழில் இதற்கு என்ன சொல்வது? 'பதப்படுத்துதல்' என்று அகராதி உடனே எடுத்துக் கொடுக்கும். தவறில்லை, ஆனால் அது கெடாமல் காப்பதைச் சொல்கிறது, கல் கெடுவதில்லை. தோலைப் பதனிடுகிறோம், புகையிலையைப் பாடம் செய்கிறோம். கல்லுக்கு நான் கேட்பது நம் அடுப்படியில் இருக்கும் சொல்: பழக்குதல். புது மண்சட்டியைத் தண்ணீரில் ஊறப்போட்டு, அரிசி கழுவிய நீரை ஊற்றிக் காய்ச்சி, மண்வாசம் போகும்வரை பழக்குகிறோம். தோசைக்கல்லை எண்ணெய் தடவிப் பழக்குகிறோம். பழகு என்பது தன்வினை, பழக்கு என்பது பிறவினை. உருகு, உருக்கு போல. சட்டி சமையலுக்குப் பழகுவதும் கல் தண்ணீருக்குப் பழகுவதும் ஒரே செயல்தான்.

அப்புறம் எப்படிப் பழக்குவது? முதலில் கெட்டியான பிரஷ்ஷால் வெறும் தண்ணீரில் தேய்க்க வேண்டும். சோப்பு கூடவே கூடாது. கல்லின் துளைகளில் தங்கிவிடும். காய்ந்ததும் சில சொட்டு வினிகர் விடுங்கள். நுரைத்தால் அதில் சுண்ணாம்பு இருக்கிறது. வெளியேறுவது கரியமில வாயு. அரியலூர்ப் பக்கத்துச் சுண்ணாம்புக்கல், வயல்களில் கிடைக்கும் சுக்கான்கல் எல்லாம் இந்த வகை. டாலமைட் போன்ற சில கற்கள் முழுதாக இருக்கும்போது ஏமாற்றும். சுரண்டிய பொடியில் விட்டால்தான் மெல்ல நுரைக்கும். நுரைக்கும் கல் கெட்ட கல் என்று ஒதுக்கவும் வேண்டாம். தண்ணீரின் கடினத்தன்மையை ஏற்றும், அவ்வளவுதான். கார நீரில் வாழும் ஆப்பிரிக்க மலாவி ஏரியின் சிக்லிட் மீன்களுக்கு அது ஒத்துப்போகும். மென்மையான நீரில் பிறந்த நியான் டெட்ராவுக்கு ஆகாது. உலோகம்போல் மின்னும் புள்ளிகளோ, பச்சை நீலக் கறையோ இருந்தால் மட்டும் அந்தக் கல்லை விட்டுவிடுங்கள். செம்பு கசிந்தால் இறால்களும் நத்தைகளும் முதலில் சாகும்.

நுரைக்காத கல்லையும் உடனே போட வேண்டாம். இரண்டு வாளிகளில் ஒரே தண்ணீரைப் பிடித்து, ஒன்றில் மட்டும் கல்லைப் போட்டு ஒன்றிரண்டு வாரம் வையுங்கள். ஆர்ஓ தண்ணீரைச் சோதிக்க வைத்திருக்கும், நீரில் கரைந்த உப்புகளின் அளவைக் காட்டும் டிடிஎஸ் மீட்டர் போதும். இரண்டு வாளியிலும் அளந்து பார்த்தால் கல் எவ்வளவு கரைந்திருக்கிறது என்று தெரிந்துவிடும்.

பழக்குதல் என்றதும் அடுப்பு ஞாபகம் வரும், அதனால் இதை அழுத்திச் சொல்கிறேன்: கல்லைக் கொதிக்க வைக்காதீர்கள், ஓவனில் சுடாதீர்கள். உள்ளே சிக்கிய ஈரம் ஆவியாகிக் கல் வெடிக்கலாம். கடலிலிருந்து வந்த கல் இன்னும் மோசம். அதில் சோவாந்திட் என்ற, பவளத்துக்கு உறவான உயிரினம் ஒட்டியிருந்தால், கொதிக்கும்போது பாலிடாக்சின் என்ற கொடிய நஞ்சு ஆவியோடு கிளம்பலாம். அதைச் சுவாசித்து வீட்டிலிருந்தவர்கள் மருத்துவமனைக்குப் போன சம்பவங்கள் வெளிநாடுகளில் பதிவாகியிருக்கின்றன. நன்னீர்க் கல்லின்மேல் வெந்நீர் ஊற்றி ஆறவிடுவதே போதும்.

சொல்லைப் புழக்கத்தில் விடுவது எளிது. "கல்லைப் பழக்கிட்டீங்களா?" என்று கேட்கலாம். வாளித் தண்ணீரில் டிடிஎஸ் ஏறிக்கொண்டே போனால், "இந்தக் கல் இன்னும் பழகல" என்று சொல்லலாம்.