ஃபுல்டாஸ் போட்டே அவுட் ஆக்கும் ஆட்டம்

வியாசர்பாடியில் ஒரு டென்னிஸ் பால் மேட்சில் ஃபுல்டாஸ் போட்டால் பந்து எந்த மொட்டை மாடியில் விழும் என்று சொல்ல முடியாது. பேஸ்பாலில் ஏறக்குறைய எல்லாப் பந்துமே ஃபுல்டாஸ்தான். அதுவும் கையை மடக்கி எறிவது. நம் தெருவில் ‘மாங்கா’ என்று சொல்லி நோ-பால் கொடுத்துவிடுவார்கள். பந்து தரையில் குத்தாத ஆட்டத்தில் அடிப்பவரை ஏமாற்ற மிச்சம் இருப்பது காற்று மட்டும்தான்.

தீவு நாடான ஜப்பானுக்கு இந்த ஆட்டம் 1872-ல் வந்தது. டோக்கியோவில் பாடம் நடத்திய ஹோரஸ் வில்சன் என்ற அமெரிக்கர் தன் மாணவர்களுக்குக் கற்றுக்கொடுத்தார். அதே ஆண்டுதான் அங்கே ஷிம்பாஷியிலிருந்து முதல் ரயில் பாதையும் திறந்தது. (ராயபுரம் ஸ்டேஷன் 1856. இதில் நாம் 16 வருஷம் சீனியர்!) அமெரிக்காவில் ரயில் தொழில் படித்துத் திரும்பிய ஹிராவோகா ஹிரோஷி 1878-ல் ஷிம்பாஷி ரயில்வே ஆட்களைச் சேர்த்து ஒரு டீம் தொடங்கினார். வளையும் பந்தை அந்த நாட்டுக்குக் கொண்டுவந்தவர் என்றும் அவரைத்தான் சொல்வார்கள்.

சரி, பந்து எப்படி வளைகிறது? சுழலும் பந்தின் மேற்பரப்பும் அதிலுள்ள 108 தையல்களும் பக்கத்துக் காற்றைப் பிடித்து இழுக்கின்றன. பந்தின் மேல்பக்கம் எறிபவரை நோக்கிச் சுழன்றால் (இதுதான் பின்சுழற்சி), பின்னால் விலகும் காற்று கீழ்நோக்கித் திரும்பும். துடுப்பு தண்ணீரைப் பின்னால் தள்ளினால் படகு முன்னால் போகிறதே, அது மாதிரி, காற்று கீழே போனால் பந்துக்கு மேல்நோக்கி ஒரு உந்துதல் கிடைக்கும். இதற்கு மேக்னஸ் விளைவு என்று பெயர். ஹிராவோகாவின் வளைபந்தில் சுழற்சி நேர் எதிர். அதனால் அது சட்டென்று கீழே இறங்கும்.

1934-ல் சவாமுரா எய்ஜி என்ற 17 வயது ஜப்பானியப் பையன் பந்தெறிந்து, பேப் ரூத், லூ கெரிக் உள்பட நான்கு அமெரிக்க ஜாம்பவான்களை வரிசையாக அவுட் ஆக்கினார். ஆனாலும் மேட்ச் 1-0 என்று கைவிட்டுப் போனது. கெரிக் அடித்த ஹோம் ரன் (நம்ம சிக்ஸர் மாதிரி)!

எனக்குப் பிடித்தது ஃபோர்க் பந்து. 1950-களில் சுகிஷிதா ஷிகெரு இதை வைத்தே பேர் வாங்கினார். 1995-ல் நோமோ ஹிடெயோ அமெரிக்காவுக்கே போய்க் காட்டினார். ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் இடையில் பந்தைச் செருகி எறிவார்கள். விரல்கள் பின்னால் உரசாததால் சுழற்சி மிகக் குறைவு. இங்கேதான் வேடிக்கை. மணிக்கு 145 கி.மீ. வேகத்தில் போகும் பந்து அடிப்பவரை அடைய சுமார் 0.4 விநாடி. அதற்குள் புவியீர்ப்பு அதை 80 செ.மீ. அளவுக்கு இறக்கிவிடும். சாதாரண வேகப்பந்தில் பின்சுழற்சி அந்த இறக்கத்தில் கிட்டத்தட்ட பாதியைத் தடுத்துவிடுகிறது. அடிப்பவரின் கண் பழகியிருப்பது அந்தப் பாதைக்குத்தான். ஃபோர்க் பந்தை யாரும் கீழே தள்ளுவதில்லை. தாங்கிப் பிடிக்க ஆள் இல்லை, அவ்வளவுதான். பேட் மேலே வீசும், பந்து அடியில் நழுவிவிடும்.

டென்னிஸ் பந்து அளவில் பேஸ்பாலைவிடக் கொஞ்சம்தான் சின்னது. எடையோ பாதிகூட இல்லை. அதனால் காற்றின் பேச்சை இன்னும் நன்றாகக் கேட்கும். இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து, கையை மடக்காமலே போட்டுப் பாருங்கள். ஓடிவரும் வேகம் அதேதான் இருக்க வேண்டும். குறைத்தால் பேட்ஸ்மேன் கண்டுபிடித்துவிடுவான்.