மெனோராவில் மெழுகு எங்கே?

டிசம்பர் பிறந்தால் போதும், யூதர்களின் ஹனுக்கா பண்டிகைச் செய்திகளில் ‘மெனோரா’ என்னும் விளக்குக்கு ‘மெழுகுவர்த்தித் தாங்கி’ என்ற பெயர் வந்து உட்கார்ந்துகொள்கிறது. ஹனுக்காவுக்காவது மெழுகுவர்த்தி ஏற்றுவோர் நிறையப் பேர் உண்டு, விட்டுவிடலாம். ரோமில் டைட்டஸ் வளைவில் செதுக்கியிருக்கும் எருசலேம் ஆலயத்து மெனோராவையும் அப்படியே எழுதுவதைத்தான் தாங்க முடியவில்லை. அதில் ஒருநாளும் மெழுகு எரிந்ததில்லை.

சொல்லின் பிறப்பு எளிது. எபிரேயத்தில் ‘நேர்’ என்றால் விளக்கு. அதே வேரோடு இடத்தையும் கருவியையும் குறிக்கும் ‘ம’ முன்னால் சேர்ந்து ‘மெனோரா’, அதாவது விளக்கு நிற்குமிடம். அரபியின் ‘நூர்’ (ஒளி), ‘மனாரா’ (விளக்குக் கோபுரம்) எல்லாம் இந்தக் குடும்பந்தான். சார்மினாரில் உள்ள மினாரும் ஒட்டுறவே.

வேதாகமத்தின் யாத்திராகமம் 25-ஆம் அதிகாரம் மெனோராவின் செய்முறையையே சொல்லிவிடுகிறது. ஒரு தாலந்து பசும்பொன், இன்றைய கணக்கில் முப்பது கிலோவுக்கு மேல். உருக்கி வார்ப்பதல்ல, அடிப்பு வேலை. நடுத்தண்டு ஒன்று, பக்கத்துக்கு மூன்றாக ஆறு கிளைகள். கிளைக்கு மூன்று, நடுத்தண்டில் நான்கு என்று வாதுமைப் பூ வடிவக் கிண்ணங்கள் மொத்தம் 22. உச்சியில் ஏழு அகல்கள். எரிபொருள் இடித்துப் பிழிந்த ஒலிவ எண்ணெய். ஓர் அகலுக்கு ஓர் இரவுக்கு அரை லோக், அதாவது மூன்று முட்டை கொள்ளும் அளவு என்கிறது யூதர்களின் சட்ட விளக்க நூலான தல்மூத். திரியைச் சீர்செய்யக் கத்தரியும் சாம்பல் தட்டும் கூடவே உண்டு. மெழுகுவர்த்திக்கு எதற்கு இத்தனை எண்ணெய்?

குழப்பம் 1611-இன் ஆங்கில வேதாகமத்தில் இருக்கிறது. எண்ணெய் விளக்கின் தண்டை அது மெழுகுவர்த்தித் தண்டு என்று எழுதிவிட்டது. நம் மொழிபெயர்ப்பாளர்கள் மூலப்பொருளைப் பாராமல் ஆங்கிலச் சொல்லை மட்டும் பெயர்க்கிறார்கள். சிலர் ஒருபடி மேலே போய்ச் ‘சரவிளக்கு’ என்கிறார்கள். சரவிளக்கு கூரையில் தொங்குவது ஐயா, தரையில் நிற்பதல்ல!

பழைய தமிழ் வேதாகமத்தின் ‘குத்துவிளக்கு’ இவற்றைவிட எவ்வளவோ மேல். குத்து என்றால் நிமிர்ந்து நிற்பது. எண்ணெயும் திரியும் தாமே வந்துவிடுகின்றன. குறை ஒன்றுதான்: தமிழ் வாசகர் கண்ணில் ஒரே தண்டும், மேலே ஐந்துமுக அகலும், உச்சியில் அன்னமும் தெரியும். கிளை தெரியாது. பிற்கால மொழிபெயர்ப்பின் ‘விளக்குத் தண்டு’ எபிரேயத்துக்கு நெருக்கம்; ஆனால் அந்த வசனத்திலேயே நடுத்தண்டைத் தனியாகச் சொல்ல வேண்டியிருப்பதால் ‘தண்டின் தண்டு’ என்று இடறுகிறது.

ஆலயத்துக்குரியதை, நடுத்தண்டையும் கிளையாக எண்ணி, ‘ஏழுகிளை விளக்கு’ என்பதே தெளிவு. கிளை என்ற சொல் மூலத்திலேயே இருக்கிறது. இஸ்ரேல் 1949-இல் ஏற்ற அரசுச் சின்னத்தில் இரு ஒலிவக் கிளைகளுக்கு நடுவே நிற்பதும் இதுதான்.

ஹனுக்காவுக்குரியது வேறு பொருள். எட்டு நாளுக்கு எட்டுச் சுடர், அவற்றை ஏற்றும் ‘ஷமாஷ்’ என்னும் பணிச்சுடர் ஒன்று, ஆக ஒன்பது. ஆலயத்தின் ஏழுகிளை வடிவை அப்படியே நகலெடுக்கத் தல்மூத் தடை விதிக்கிறது. ஏழும் ஒன்பதும் ஒன்றென்று எழுதுவோர் இதையாவது கவனிக்கலாம். இன்றைய எபிரேயத்தில் அதற்கு ‘ஹனுக்கியா’ என்று தனிப்பெயரே இருக்கிறது. அதை ‘ஒன்பதுகிளை விளக்கு’ ஆக்கிவிடவும் வேண்டாம். பல ஹனுக்கியாக்களுக்குக் கிளையே கிடையாது, சுவரில் மாட்டும் தகட்டின் அடியில் எட்டுக் குழிகள் வரிசையாக இருக்கும், அவ்வளவுதான். ‘ஹனுக்கா விளக்கு’ என்றால் எண்ணெய் ஊற்றினாலும் மெழுகுவர்த்தி நட்டாலும் பொருந்தும்.