சிட்காமில் தெரியும் நியூயார்க் எங்கே இருக்கிறது?

'பிரெண்ட்ஸ்' என்ற அமெரிக்க சிட்காமின் (நகைச்சுவை டிவி தொடர்) முக்கியப் பாத்திரங்கள் ஆறு பேரும் நியூயார்க்வாசிகள். கிரீனிச் வில்லேஜில், பெட்ஃபோர்டு தெரு முனையில், அவர்கள் வீடாகத் திரையில் வரும் கட்டடத்தின் முன்னால் ரசிகர்கள் இன்றைக்கும் செல்ஃபி எடுக்கிறார்கள். ஆனால் அவர்களில் ஒருவரான மோனிகாவின் சமையலறை இருந்தது சுமார் 3,900 கி.மீ. தள்ளி, கலிபோர்னியாவின் பர்பேங்கில், வார்னர் பிரதர்ஸ் ஸ்டூடியோவுக்குள். தொடக்கப் பாட்டில் வரும் நீரூற்றும் பர்பேங்க்தான்.

இந்த ஏற்பாட்டுக்கு வழிபோட்டது 1951இல் தொடங்கிய 'ஐ லவ் லூசி' சிட்காம். கதை நடப்பது நியூயார்க்கில். ஒளிபரப்பும் அங்கிருந்தே நேரலையாக வேண்டும் என்றார்கள் விளம்பரதாரர்கள். மேற்குக் கரையில் நடித்தால், கிழக்கே இருப்பவர்களுக்கு டிவி திரையையே படம்பிடித்த மங்கலான பிரதிதான் போய்ச் சேரும். லூசியாக நடித்த லூசில் பாலும் (Lucille Ball) அவர் கணவர் டேசி அர்னாஸும் ஹாலிவுட்டை விட்டு நகர மறுத்துவிட்டார்கள். முடிவில் பார்வையாளர்களை எதிரே உட்காரவைத்து, எல்லா ஊருக்கும் தெளிவான பிரதி போகும்படி, மூன்று கேமராக்களால் 35 மி.மீ. சினிமா ஃபிலிமில் எடுப்பது என்றானது. ஒளிப்பதிவாளர் கார்ல் ஃபிராய்ண்ட் மேலிருந்து சீராக வெளிச்சம் விழவைத்ததால், ஒவ்வொரு ஷாட்டுக்கும் விளக்குகளை மாற்றும் வேலை மிச்சமானது. கதையில் லூசி வீட்டு முகவரி நியூயார்க்கின் கிழக்கு 68ஆம் தெரு, எண் 623. அப்படியொரு வீடு இருந்தால் அது ஈஸ்ட் நதிக்குள்தான் இருக்கும்!

இத்தகைய செட்டுக்கு மூன்றே சுவர்கள். நான்காவது சுவர் இருக்கவேண்டிய இடத்தில் கேமராக்களும் ஜனங்களும். ஆகவே 'ஊர்' தெரிய இரண்டே வழி: ஜன்னல், அப்புறம் காட்சிகளுக்கு நடுவே வந்துபோகும் வெளிப்புற ஷாட்.

ஜன்னலுக்கு வெளியே தொங்குவது பிரம்மாண்டமான படுதா. முன்பு கையால் வரைந்தார்கள், பிறகு புகைப்படமாக அச்சிட்டார்கள். சில படுதாக்களில் பகல் காட்சி முன்பக்கமும், விளக்கெரியும் ஜன்னல்கள் பின்பக்கமும் இருக்கும். முன்னாலிருந்து வெளிச்சம் அடித்தால் பகல். அதை அணைத்துவிட்டுப் பின்னாலிருந்து அடித்தால், அதே துணியில் ராத்திரி. சியாட்டில் நகரத்தில் நடக்கும் 'ஃப்ரேசியர்' தொடரில், நாயகன் வீட்டு ஜன்னலில் தெரியும் ஊர் அழகு, ஆனால் அந்தக் கோணத்தில் ஊரைக் காட்டும் அடுக்குமாடி எதுவும் அங்கே கிடையாது.

வெளிப்புற ஷாட் வேலை செய்வது நம் தலைக்குள். கட்டடத்தை மூன்று வினாடி காட்டி, உடனே ஒரு அறையைக் காட்டினால், அறை அந்தக் கட்டடத்துக்குள் இருப்பதாக மூளையே முடிவு கட்டிவிடும். ரஷ்ய இயக்குநர் லெவ் குலெஷோவ் 1920 வாக்கிலேயே இதைச் சோதித்தார். மாஸ்கோவின் வெவ்வேறு தெருக்களில் நடக்கும் இருவர் சந்திக்கிறார்கள், எதையோ பார்க்கிறார்கள், படியேறுகிறார்கள். பார்த்தது வாஷிங்டன் வெள்ளை மாளிகை, ஏறியது மாஸ்கோ தேவாலயத்தின் படி. ஒட்டவைத்தபோது எல்லாம் ஒரே இடமாகிவிட்டது.

பார்வையாளர் இல்லாமல் ஒரே கேமராவில் எடுக்கும் தொடர்களுக்குத் தலைவலி அதிகம், ஏனென்றால் கேமரா வெளியே போகும். 'தி ஆபீஸ்' கதை பென்சில்வேனியாவின் ஸ்க்ரான்டனில், படப்பிடிப்போ லாஸ் ஏஞ்சல்ஸ் பகுதியில். ஸ்க்ரான்டனின் உண்மையான வானொலி நிலைய ஸ்டிக்கரை டுவைட் என்ற பாத்திரத்தின் மேஜையருகே ஒட்டி ஊர்வாசனை ஏற்றினார்கள். என்னைக் கேட்டால், எந்தப் படுதாவையும்விட அந்த ஸ்டிக்கர் நம்பகமானது. 'பார்க்ஸ் அண்ட் ரெக்ரியேஷன்' வேறு வழி பிடித்தது: இண்டியானாவில் பானி என்றொரு கற்பனை ஊர், அதன் நகர மன்றமாகக் கலிபோர்னியாவின் பாசடீனா நகர மன்றம். வேடிக்கை என்னவென்றால், பாசடீனாவிலேயே நடக்கும் 'தி பிக் பேங் தியரி'யைப் பாசடீனாவில் எடுக்கவில்லை.

நிஜ வீட்டைக் காட்டுவதில் ஒரு சிக்கலும் உண்டு, அதற்குள் நிஜமாகவே யாரோ குடியிருப்பார்கள். 'மேரி டைலர் மூர் ஷோ' நாயகியின் வீடாக மினசோட்டாவின் மினியாபொலிஸில் ஒரு வீட்டைக் காட்டினார்கள். ரசிகர்கள் வாசலில் வந்து நிற்கத் தொடங்கினார்கள். மறுபடி படமெடுக்கக் குழுவினர் வந்தபோது, அவர்கள் படமெடுக்க முடியாதபடி வீட்டுக்காரர், அப்போதைய அமெரிக்க ஜனாதிபதியைக் குறித்து 'நிக்சனைப் பதவிநீக்கு' என்று பெரிய பதாகையைத் தொங்கவிட்டார். பின்னர் ஒரு சீசனில் மேரி வேறு கட்டடத்துக்குக் குடிபோனார்.