கிளம்பும் முன் ஒருமுறை எட்டிப் பார்ப்பது

கோத்தகிரியில் எங்கள் வீட்டுக்குக் கீழே, சாலையோரம் ஒரு தகரக் கொட்டகை இருக்கிறது. சுற்றுவட்டாரச் சிறு விவசாயிகள் பறித்த பச்சைத் தேயிலையைச் சாக்கில் கட்டி, எடைபோட்டு அங்கே வைத்துவிட்டுப் போவார்கள். ஃபேக்டரி வண்டி வந்து ஏற்றிக்கொண்டு போகும். வண்டி தாமதித்தால் சாக்குக்குள் இலை சூடேறிச் சிவந்துவிடும். அதற்காக ஒவ்வொரு சாக்குக்கும் டிரைவருக்குப் போன் போட்டால் அவர் வண்டியை எப்போது ஓட்டுவது? "அண்ணா, இலை இருக்குங்க" என்று ஒரே ஒரு போன். வந்தவர் கொட்டகை காலியாகும்வரை ஏற்றுவார். அவர் ஏற்றிக்கொண்டிருக்கையில் சாக்கோடு வருபவர் யாரும் போன் செய்வதில்லை, ஆள்தான் கண்ணெதிரே நிற்கிறாரே.

மெய்நிகர் இயந்திரத்தின் வட்டு எப்படி வேலை செய்கிறது என்று யாராவது கேட்டால் நான் இந்தக் கொட்டகையைத்தான் காட்டுவேன்.

மெய்நிகர் இயந்திரம் என்பது ஒரு கணினிக்குள் மென்பொருளால் உண்டாக்கிய இன்னொரு கணினி. உள்ளே ஓடுவது கெஸ்ட், அதைச் சுமப்பது ஹோஸ்ட். கெஸ்டுக்கென்று உண்மையான வட்டோ நெட்வொர்க் அட்டையோ கிடையாது. ஃபாப்ரிஸ் பெல்லார் 2003இல் வெளியிட்ட க்யூஎமு போன்ற ஒரு நிரல், அவையெல்லாம் இருப்பதுபோல் நடந்துகொள்கிறது. அப்படி நடிக்கப்படும் சாதனத்தின் பதிவேடுகளை, அதாவது அதற்குக் கட்டளை எழுதும் இடங்களை, கெஸ்ட் தொடும்போதெல்லாம் பிராசஸர் கெஸ்டை நிறுத்திவிட்டுக் கட்டுப்பாட்டை ஹோஸ்டிடம் கொடுக்கும். இதற்கு விஎம் எக்ஸிட் என்று பெயர். க்யூஎமு வரை போய்த் திரும்புவதற்குள் பிராசஸரின் கடிகாரச் சுழற்சிகள் ஆயிரக்கணக்கில் போய்விடும். பழைய அட்டைகளை அச்சுஅசலாக நடிக்கும்போது, ஒரே ஒரு வேலைக்குக்கூடப் பலமுறை இப்படி நிற்க வேண்டிவரும்.

2008 ஜனவரியில் வந்த லினக்ஸ் 2.6.24இல் நிரலாளர் ரஸ்டி ரஸ்ஸலின் விர்ட்டியோ என்ற ஏற்பாடு சேர்ந்தது. இதில் கெஸ்டை ஏமாற்றும் வேலையே இல்லை. எதிரே இருப்பது மென்பொருள்தான் என்று அதற்குத் தெரியும். கெஸ்டுக்கும் ஹோஸ்டுக்கும் பொதுவான நினைவகத்தில் ஒரு வரிசை இருக்கும். 'இந்த முகவரியில் இவ்வளவு பைட் இருக்கிறது, வட்டில் எழுது' என்று கெஸ்ட் ஒரு குறிப்பைப் போடும். சாதனம், அதாவது ஹோஸ்டில் வட்டாக நடிக்கும் நிரல், வேலையை முடித்ததும் 'முடிந்தது' என்று இன்னொரு பட்டியலில் போடும். கெஸ்டின் நினைவகமே க்யூஎமு நிரலுடைய நினைவகத்தின் ஒரு பகுதிதான் என்பதால், கெஸ்ட் வைத்த இடத்திலிருந்தே தரவை எடுத்துக்கொள்ளலாம். செய்தி சொல்வது மட்டும்தான் பாக்கி. குறிப்பிட்ட ஒரு பதிவேட்டில் வரிசையின் எண்ணைக் கெஸ்ட் எழுத வேண்டும். அதுதான் போன், இந்தத் துறையில் கிக் என்பார்கள்.

கிக் அடித்தால் எக்ஸிட், எக்ஸிட் என்றால் செலவு. ஆகவே இந்த அமைப்பின் கெட்டிக்காரத்தனம் முழுவதும் எப்போது போன் செய்ய வேண்டாம் என்று முடிவெடுப்பதில் இருக்கிறது. எளிய வழி ஒரு கொடி. சாதனம் வரிசையைக் காலிசெய்யத் தொடங்கும்போது 'இப்போது கூப்பிடாதே' என்று கொடியைப் போடும், தூங்கப் போகுமுன் எடுத்துவிடும். இதைவிட நேர்த்தியான வழி ஒரு எண்ணை எழுதி வைப்பது: '40ஆம் குறிப்பு விழும்போது கூப்பிடு.' கெஸ்ட் 40ஐத் தாண்டும்போது ஒருமுறை அடிக்கும். சாதனம் எண்ணை மாற்றாதவரை 41, 42, 43 எல்லாம் சத்தமில்லாமல் சேரும். கொடியைப் போட்டு எடுக்கும் வேலையே மிச்சம். எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு இது.

அடித்துத்தான் ஆக வேண்டிய கிக்கையும் மலிவாக்கியிருக்கிறார்கள். லினக்ஸின் மையமான கெர்னலில் இருந்துகொண்டு மெய்நிகர் இயந்திரங்களை ஓட்டும் கேவிஎம், அந்தப் பதிவேட்டின் முகவரியைப் பார்த்ததும் ஒரு கணக்கியில் ஒன்றைக் கூட்டிவிட்டு, க்யூஎமுவுக்குப் போகாமலே கெஸ்டைத் திருப்பி அனுப்பிவிடும். அந்தக் கணக்கிக்காகக் காத்திருக்கும் வேறொரு இழை (நிரலுக்குள் தனியாக ஓடும் ஒரு வேலைத்தொடர்) எழுந்து வேலையைப் பார்க்கும். பத்துக் கிக் வந்திருந்தாலும் ஒரே வாசிப்பில் கணக்கி பூஜ்யமாகிவிடும். ஒரு கிக்குக்கு ஒரு குறிப்பு என்று கணக்குப் போட்டு எடுக்கக் கூடாது. காலியாகும்வரை எடுக்க வேண்டும்.

இனி, நான் நன்றாக மாட்டிக்கொண்ட இடம். கற்றுக்கொள்வதற்காகச் சின்னதாக ஒரு விர்ட்டியோ வட்டு எழுதினேன், அதாவது ஹோஸ்டில் ஓடும் சாதனப் பக்கம். நன்றாகத்தான் ஓடியது. ஆனால் பெரிய கோப்பை நகலெடுக்கையில் எப்போதாவது அப்படியே நின்றுவிடும். பிழைச்செய்தி எதுவும் வராது, பிராசஸரும் சும்மா இருக்கும். கெஸ்டில் இன்னொரு சாளரத்தில் வேறு ஏதாவது கோப்பைத் திறந்தால் போதும், நின்றுபோனதும் சேர்ந்து ஓட ஆரம்பித்துவிடும். அந்தக் கடைசி விஷயம்தான் துப்பு: குறிப்பு வரிசையில் பத்திரமாக இருக்கிறது, போன்தான் வரவில்லை.

நடந்தது இதுதான். சாதனம் பார்த்தது, வரிசை காலி. அந்த நொடியில் கெஸ்ட் ஒரு குறிப்பைப் போட்டுவிட்டுக் கொடியைப் பார்த்தது. 'கூப்பிடாதே' என்று இருந்தது, பேசாமல் இருந்துவிட்டது. அதற்கப்புறம் சாதனம் கொடியை எடுத்துவிட்டுத் தூங்கிவிட்டது. கொட்டகை காலி என்று டிரைவர் வண்டிப்பக்கம் திரும்பிய நேரத்தில், பின்பக்க வழியாக ஒரு அக்கா சாக்கை இறக்கிவிட்டு, வண்டி நிற்பதைப் பார்த்து நிம்மதியாக வீட்டுக்குப் போன கதை. எங்கள் டிரைவர் அண்ணா என்ன செய்வார் என்றால், ஏறி உட்காருமுன் திரும்ப வந்து ஒருமுறை உள்ளே எட்டிப் பார்ப்பார். சாதனமும் அதைத்தான் செய்ய வேண்டும்: முதலில் கொடியை எடு, அப்புறம் வரிசையை மறுபடி பார், இருந்தால் தூங்காதே.

சரி, திருத்திவிட்டேன். நிற்பது குறைந்தது, ஆனால் ஒழியவில்லை. கொடியை எடுக்கும் வரியும் வரிசையைப் பார்க்கும் வரியும் நிரலில் முன்பின் மாறாமல் சரியாகத்தான் இருந்தன. பிராசஸர்தான் அப்படிச் செய்யவில்லை. இன்டெல், ஏஎம்டியின் எக்ஸ்86 வகைப் பிராசஸர்கள் எழுதியதைச் சற்று நேரம் தமக்குள் தேக்கி வைத்துக்கொண்டு, அடுத்து வரும் வாசிப்பை முதலில் முடித்துவிடலாம். அதாவது வரிசையைப் பார்த்தது முன்னால், கொடி எடுக்கப்பட்டது கெஸ்டுக்குத் தெரிந்தது பின்னால். பழைய ஓட்டை திரும்பத் திறந்துகொண்டது. இரண்டுக்கும் நடுவில், முன்னதை வெளியே தள்ளாமல் பின்னதைச் செய்யாதே என்று சொல்லும் நினைவகத் தடுப்பு ஒன்று வேண்டும். குறிப்பைப் போட்டுவிட்டுக் கொடியைப் பார்க்கும் கெஸ்டுக்கும் அதே தடுப்பு வேண்டும். லினக்ஸ் கெஸ்டின் பக்கம் அது ஏற்கெனவே இருந்தது. என் பக்கம்தான் இல்லை.

அந்த ஒரு வரியைச் சேர்த்து, பெரிய கோப்பு ஒன்றைத் திரும்பத் திரும்ப நகலெடுக்க விட்டுவிட்டுப் படுத்தேன். காலையில் முதல் வண்டி கொட்டகைக்கு வந்த சத்தத்தில் எழுந்து பார்த்தபோது, அது இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.