இங்கினியாகலைக்கு விடியுமுன் புறப்படுங்கள்

பாடசாலை விடுமுறை தொடங்கினால் போதும், "அண்ணன், இங்கினியாகலைக்கு ஒரு நாள் போய் வரலாமா?" என்று போன் வரத் தொடங்கிவிடும். அம்பாறைக்கு அப்பால், கல்லோயா தேசிய பூங்காவுக்குள் இருக்கிற பெரிய குளத்தில் படகில் போய் யானை பார்க்கிற இடம் அது. மட்டக்களப்பில் இருபது வருடமாக வான் ஓடுகிறேன். எத்தனை மணிக்குப் புறப்படுவது என்று கேட்டால், கேட்கிற பத்துப் பேரில் எட்டுப் பேர் "பிள்ளைகளுக்குச் சாப்பாடு கொடுத்து, எட்டு ஒன்பது மணிக்கு ஆறுதலாக வெளிக்கிடுவம்" என்பார்கள். அந்தப் பயணத்தில் அணைக்கட்டையும் தண்ணீரையும் பார்க்கலாம், அவ்வளவுதான், யானையைப் பார்க்கக் கிடைக்காது. அதைவிடப் பெரிய பிரச்சினை, அப்படிப் போகிறவர்கள் திரும்பி வருவது இருட்டில்.

இங்கிருந்து கல்முனை, காரைதீவு, சம்மாந்துறை, அம்பாறை என்று போய் இங்கினியாகல சேரக் கிட்டத்தட்ட 90 கிலோமீற்றர் வரும். வானில் இரண்டரை மணித்தியாலம் என்று வையுங்கள். காலை மூன்று மணிக்குப் புறப்பட்டால் விடிகிற நேரத்துக்கு நிற்கலாம். பஸ்ஸில் போகிறவர்கள் கல்முனையில் மாறி அம்பாறை, அங்கிருந்து இங்கினியாகல என்று ஏறி இறங்க வேண்டும், காலைப் படகைப் பிடிக்க முடியாது, அதனால் முதல் நாளே போய் அம்பாறையில் தங்குங்கள். போனில் வரைபடத்தைப் போட்டு "கல்லோயா தேசிய பூங்கா" என்று மட்டும் தேடாதீர்கள். பூங்கா 25,900 ஹெக்டேயர், அதற்கு பிபிலைப் பக்கமும் ஒரு முகம் இருக்கிறது. ஒருமுறை கல்முனையிலிருந்து வந்த குடும்பம் ஒன்று மலையைச் சுற்றி அந்தப் பிபிலைப் பக்கத்திலுள்ள நில்கலவுக்குப் போய் நின்றுகொண்டு என்னைக் கூப்பிட்டது. படகு வேண்டுமென்றால் இங்கினியாகல என்று தேடுங்கள்.

நம்முடைய பட்டிப்பளை ஆற்றை, சிங்களத்தில் கல்லோயா, இரண்டு குன்றுகளுக்கு நடுவே மறித்துத்தான் இந்தக் குளத்தைக் கட்டினார்கள். வேலை தொடங்கியது 1949 இல். 1954 இல் குளத்துக்குத் தண்ணீர் தருகிற காட்டைக் காப்பாற்றத்தான் அதைச் சுற்றி தேசிய பூங்கா அறிவித்தார்கள். பெயர் சேனாநாயக்க சமுத்திரம். சம்மாந்துறைப் பக்கம் நாம் பார்க்கிற வயல்களுக்கு வருவது இந்தத் தண்ணீர்தான், அதனால் குளத்தின் மட்டம் போகத்தோடு சேர்ந்து ஏறி இறங்கும். மாரியில் நிரம்பி நிற்கும். சிறுபோகத்துக்குத் திறந்துவிட, தண்ணீர் பின்வாங்கிய கரையில் பசும்புல் முளைக்கும், அதைத் தேடித்தான் யானைக் கூட்டம் இறங்கி வரும். மார்ச்சுக்கும் ஜூலைக்கும் இடையில் போகச் சொல்வதற்குக் காரணம் இதுதான். தீவுக்குத் தீவு யானை நீந்திப் போகும், தும்பிக்கை மட்டும் தண்ணீருக்கு மேலே தெரியும். அதைக் கண்ட பிள்ளைகள் வான் காத்தான்குடி தாண்டும்வரை அதையே சொல்லிக்கொண்டு வருவார்கள், எனக்கு அதைக் கேட்க எப்போதும் ஆசை.

ஆனால் அது நீந்தும்போது படகைக் கிட்டக் கொண்டுபோகச் சொல்லிக் கேட்காதீர்கள். படகுக்காரருக்குக் கூடுதலாகக் காசு கொடுத்து "இன்னும் கொஞ்சம் கிட்ட" என்று கேட்கிறதை நான் கரையில் நின்று எத்தனையோ தரம் கேட்டிருக்கிறேன். குட்டியோடு நீந்துகிற தாய்க்கு அந்த நேரம் படகு ஒரு ஆபத்து, களைத்துப் போய்க் கரைக்குத் திரும்பவும் முடியாமல் தவிக்கும். வேறொரு விஷயமும் இருக்கிறது. குளத்துக்குள் மூழ்கிய காட்டின் மரக்கட்டைகள் அப்படியே நிற்கின்றன, தண்ணீர் குறைகிற மாதங்களில் மேலே தெரியாமல் சற்றுக் கீழே நிற்கும். அதோடு கச்சான் காற்று வீசுகிற காலத்தில் மத்தியானத்துக்குப் பிறகு திறந்த நீரில் அலை எழும்பும். இந்த இரண்டுக்காகவும்தான் காலைப் படகு, இந்த இரண்டுக்காகவும்தான் லைஃப் ஜக்கெட். ஒருமுறை ஒரு படகில் ஏழு பேருக்கு நாலு ஜக்கெட்தான் இருந்தது. எங்கள் ஆட்களை நான் ஏற விடவில்லை, அரை மணித்தியாலம் வாக்குவாதம் பண்ணி மிச்ச மூன்றும் வந்த பிறகுதான் ஏறினார்கள். என்னைத் திட்டினார்கள், திட்டட்டும்.

குளிக்கிறது வேண்டவே வேண்டாம். கடலோடு வளர்ந்த நம் பொடியன்களுக்குத்தான் இதைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது. "கடலில நீந்தினவனுக்குக் குளம் என்ன பெரிசா" என்பார்கள். உப்புத் தண்ணீர் உடம்பைத் தூக்கித் தருகிற அளவுக்கு நல்ல தண்ணீர் தராது, கரையிலிருந்து இரண்டு அடி எடுத்து வைத்ததும் திடீரென்று ஆழம் வரும், காலுக்குக் கீழே பழைய மரக்கொப்பு இருக்கும். முதலையும் இருக்கிறது.

சரி, இப்போது திரும்பி வருகிற பாதை. நாலு மணிக்குள் அம்பாறையைத் தாண்டிவிட வேண்டும் என்பது என் வானின் கட்டாயம். மாலை மங்கும் நேரம் காட்டோரப் பாதையில் யானை ஏறும், தனித்த ஆண் யானை என்றால் இன்னும் கவனம் தேவை. வழியில் நின்றால் தூரத்திலேயே நிறுத்தி, ஹோர்ன் அடிக்காமல், லைட்டைக் குறைத்து, அது தானாகப் போகும்வரை பொறுங்கள், கிட்ட வந்தால் மெதுவாகப் பின்னுக்கு எடுங்கள். இறங்கிப் படம் எடுக்கக் கதவைத் திறந்த ஒரு தகப்பனை நான் சட்டைக் கொலரில் பிடித்து உள்ளே இழுத்திருக்கிறேன், வெளிநாட்டிலிருந்து வந்தவர், பிறகு ஒரு வார்த்தை பேசவில்லை. வாழைப்பழமும் எறியாதீர்கள். புத்தல கதிர்காமப் பாதையில் யானை வாகனத்தை மறித்துச் சாப்பாடு கேட்கப் பழகியது நம்முடைய கையால்தான்.

இன்னொன்று, அம்பாறைப் பக்கம் பள்ளக்காடு குப்பை மேட்டில் பொலித்தீன் தின்று யானைகள் செத்த செய்தி உலகம் முழுக்கப் போனது. லஞ்ச் சீற்றில் சுற்றிய பார்சலை யானைக்குப் பக்கத்துக் கரையில் விட்டு வருகிறவர்கள் அந்தப் படங்களை ஒருமுறை பார்க்க வேண்டும். வீட்டிலிருந்து வாழையிலையில் கட்டி வாருங்கள், தண்ணீர்ப் போத்தலை வானிலேயே வையுங்கள், குப்பைக்கு நான் ஒரு உரப்பை எப்போதும் வைத்திருப்பேன்.

வெளிநாட்டு உறவினர் கூட வந்தால் நுழைவுக் கட்டணம் நமக்குள்ளதைவிடப் பலமடங்கு, வாசலில் சண்டை பிடிக்காமல் முன்கூட்டிச் சொல்லிவிடுங்கள். அடையாள அட்டையை எல்லாரும் எடுத்துக்கொள்ளுங்கள். இரவு ஒன்பது மணிக்குப் பிள்ளைகளைப் படுக்க வையுங்கள், மூன்று மணிக்கு வாசலில் ஹோர்ன் அடிக்காமல் போன் பண்ணுவேன்.