குளியலறைக்குள் கேஸ் கீசர் வேண்டாம்

மூணாறு வட்டாரத்தில் கேஸ் கீசர் மாட்டுவதும் பழுது பார்ப்பதும்தான் என் தொழில். தேவிகுளம், சின்னக்கானல், சூரியநெல்லி, வட்டவடை என்று எங்கே போனாலும் வீட்டுக்காரர்கள் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: “கேஸ் வாசனை எதுவும் வரலையே, அப்புறம் என்ன பயம்?”

வாசனை வருவது எரியாத கேஸுக்கு. கசிந்தால் தெரியட்டும் என்றுதான் அதில் எத்தில் மெர்காப்டன் என்ற நாற்றப் பொருளைக் கலக்கிறார்கள். அதே கேஸ் கீசருக்குள் அரைகுறையாக எரிந்தால் வருவது கார்பன் மோனாக்சைடு. அதற்கு மணமில்லை, நிறமில்லை. கண் எரியாது, இருமலும் வராது. ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் அதிகமான பிடிப்போடு ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினில் ஒட்டிக்கொள்ளும். கசிவுக்குப் பயப்படுவதில் பாதியாவது நம் ஆட்கள் இதற்குப் பயப்பட வேண்டும்.

நிமிடத்துக்கு 6 லிட்டர் தரும் கீசர் முழுத் தீயில் கால் மணி நேரம் எரிந்தால் 200 கிராம் கேஸாவது செலவாகும். அது முழுதாக எரிய சுமார் இரண்டரை கன மீட்டர் காற்று வேண்டும். நாலுக்கு ஆறு அடி, உயரம் எட்டடி என்று ஒரு குளியலறை இருந்தால், அதிலுள்ள மொத்தக் காற்றே ஐந்தரை கன மீட்டர்தான். ஒருவர் குளித்து முடிப்பதற்குள் ஏறக்குறைய பாதிக் காற்று தீக்கே போய்விடுகிறது. ஆக்சிஜன் கொஞ்சம் இறங்கினாலே தீ தடுமாறும், மோனாக்சைடு ஏறும். அதோடு மூணாறு கிட்டத்தட்ட 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட ஆறில் ஒரு பங்கு குறைவு. எர்ணாகுளத்தில் நன்றாக எரிந்த கீசரை அப்படியே கொண்டுவந்து மாட்டினால் தீ மஞ்சளடிக்கலாம். நீலமாக, ஆடாமல் எரிய வேண்டும். மஞ்சள் நுனியோ மேல்மூடியில் கரியோ தெரிந்தால் அன்றைக்கே நிறுத்திவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள். தீ நீலமாக இருக்கிறது என்பதற்காக அடைத்த அறையில் குளிக்கவும் கூடாது.

இந்த ஊரில் சிக்கலே குளிர்தான். ஜனவரியில் செண்டுவாரைப் பக்கம் பூஜ்யத்துக்குக் கீழே போகிறபோது யாருக்குத்தான் வென்டிலேட்டரைத் திறந்து வைக்க மனம் வரும்? கீசர் அடிக்கடி அணைகிறது என்று ஒரு ஹோம்ஸ்டேயில் கூப்பிட்டிருந்தார்கள். லூவர் கண்ணாடிக்கு உள்பக்கம் உரச்சாக்கை மடித்து வைத்து, நாலு ஓரமும் டேப் ஒட்டியிருந்தார்கள். கதவின் அடிச் சந்தில் பழைய போர்வை. மூடியைக் கழற்றினால், பர்னருக்கு மேலே உள்ள செம்புத் தகடுகளுக்கு இடையே விரலில் ஒட்டுகிற அளவுக்குக் கரி. “கெஸ்ட் குளிருதுன்னு சொல்றாங்க தம்பி, நான் என்ன பண்ண?” என்றார் அந்த அக்கா. கீசரில் பழுதே இல்லை அக்கா, காற்றில்லாமல்தான் அணைகிறது என்று சொல்லி, முதல் வேலையாகச் சாக்கைப் பிய்த்தேன். சாதனத்தையும் அன்றே வெளிச்சுவருக்கு மாற்றச் சொன்னேன்.

எக்ஸாஸ்ட் ஃபேன் போட்டாச்சே என்பார்கள். காற்று உள்ளே வர வழியில்லாத அறையில் அந்த ஃபேன், புகைக்குழாய் வழியாகப் போக வேண்டிய புகையையே திரும்ப உள்ளே இழுக்கும். புகைக்குழாய் வைத்த கீசரில் இதைச் சோதிப்பது சுலபம். கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் மூடி, ஃபேனையும் ஓடவிட்டு, கீசரைச் சில நிமிடம் எரியவிடுங்கள். கீசரின் தலையில் குழாய் சேரும் இடத்துக் கூண்டருகே ஊதுபத்தியைப் பிடியுங்கள். அதன் புகை குழாய்க்குள் ஏற வேண்டும். முகத்துக்கு நேரே திரும்பினால் கீசரை அணைத்து, கதவைத் திறந்துவிட்டு வெளியே வந்துவிடுங்கள்.

புகைக்குழாய் உலோகமாக இருக்க வேண்டும், பிவிசி கூடவே கூடாது. கீசரின் வாய் என்ன அளவோ அதைவிடச் சிறிய குழாய் மாட்டக் கூடாது. தானாகப் புகை ஏறும் வகையில் முதலில் நேராக மேலே போய், பிறகுதான் வளைய வேண்டும். நம் தகரக்கூரை வீடுகளில் பலகைத் தட்டுக்கு மேலே குழாயை விட்டுவிட்டுப் போகிற வேலையைப் பார்த்திருக்கிறேன். அந்தப் புகை பலகைச் சந்து வழியாகப் படுக்கையறைக்கு இறங்கும். குழாய் கூரையைத் தாண்டி வெளியே முடிய வேண்டும், பக்கத்தில் ஜன்னல் இருக்கக் கூடாது. பூட்டிக் கிடந்த அறையைச் சீசனுக்குத் திறக்கிறபோது குழாய் வாயில் குளவிக்கூடு இருக்கிறதா என்று பாருங்கள்.

என்னைக் கேட்டால், இத்தனை பாடும் வேண்டாம். கீசர் வெளிச்சுவரில் இருக்கட்டும், சுடுதண்ணீர் மட்டும் பைப்பில் உள்ளே வரட்டும். பைப்புக்கு இன்சுலேஷன் சுற்றினால் சூடு அவ்வளவாகக் குறையாது. மழைக்குப் பெட்டி செய்தால் மேலும் கீழும் காற்றுத் துளை விடுங்கள். உள்ளேதான் வைத்தாக வேண்டும் என்றால், காற்றை வெளியிலிருந்து இழுத்துப் புகையையும் வெளியே தள்ளும் மூடிய வகையை வாங்குங்கள், விலை கூடுதல்தான். சிலிண்டர் எப்போதும் தரைமட்டத்துக்கு மேலே, காற்றோட்டமான இடத்தில் இருக்கட்டும். கேஸ் காற்றைவிடக் கனமானது, பள்ளத்தில் தேங்கும். கேஸ் கசிந்தால் 1906 என்ற அவசர எண்ணைக் கூப்பிடுங்கள். குளிருக்குக் கரியடுப்பைப் படுக்கையறைக்குள் வைத்துக் கதவடைத்துப் படுப்பவர்களுக்கும் ஆபத்து இதே மோனாக்சைடுதான்.

தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல், கால் துவளுதல் ஆகியவைதான் அறிகுறிகள். கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி வந்த விருந்தினர் இதைப் பயண அலுப்பு என்று நினைத்துப் படுத்துவிடுவார். ஹோம்ஸ்டே நடத்துகிறவர்கள் இதைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும். குளிக்கப் போனவர் கூப்பிட்டும் குரல் கொடுக்கவில்லை என்றால் கதவை உடையுங்கள். மூச்சை அடக்கிக்கொண்டு உள்ளே போய் ஆளை வெளிக்காற்றுக்கு இழுத்து வாருங்கள், 108-ஐக் கூப்பிடுங்கள். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரை நம்ப வேண்டாம். மோனாக்சைடு ஒட்டிய ரத்தத்தையும் ஆக்சிஜன் ஏறியதாகவே கணக்கிட்டு அது 98 கூடக் காட்டும். கேஸ் கீசர் எரிந்த அறையில் விழுந்து கிடந்தார் என்று டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.